வெள்ளிக்கிழமைப் பனிமூட்டம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்தாலியின் வடக்கே ஜெர்மன்காரரின் ரயில் பாலங்களைத் தகர்த்த கம்யூனிஸ்ட் நெல்லா. பின்னர் துறைமுக வரைபடங்களை ரஷ்யர்களுக்குக் கொடுத்தார் என்று உளவுக் குற்றத்தில் சிறை போனவர். விசாரணையில் ஒரு பெயரையும் சொல்லவில்லை. இப்போது பலெர்மோவில், கபோ சந்தைக்கு மேலே நாலாம் மாடியில், தொண்ணூற்றொன்பது வயதில் ஒரு சுருட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்.

மகன் வித்தோரியோ கூடத்தில் கமெரா பூட்டியிருந்தான். "அம்மா இன்னொருக்கால் புகைச்சால் உங்களுக்கு வேலை இல்லை," என்று அவரைப் பராமரிக்கும் ரதியிடம் சொல்லியும்விட்டான். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதும் சிக்கலாகிவிடும். ரதி வீடெல்லாம் தேடிச் சுருட்டுகளை எறிந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் ரதி சாம்பிராணி போடுவாள். கடவுளே இல்லை என்கிற நெல்லா ஒருநாள், "என்ரை கதிரையடியிலும் வை," என்றார். அடுத்த கிழமை, "காணாது பிள்ளை, இன்னும் போடு."

"எங்கடை சின்யோரா மனம் மாறியிட்டா," என்று ரதி கோயிலில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தாள்.

அதற்கடுத்த வெள்ளி, புகைக்குள்ளே சிவப்பாக ஒரு புள்ளி மின்னியது.

"சின்யோரா! ஆர் தந்தது?"

"பேர் சொல்லுற பழக்கம் எனக்கில்லை."

"என்ரை வேலை போகப்போகுது, நீங்கள் பகிடி விடுறியள்!"

"கமெராவுக்கு என்ன தெரியும்? வெறும் முகில். பாலத்துக்குக் கிட்டப் போக நாங்கள் பனிமூட்டத்துக்காகக் காத்துக் கிடப்பம். நீ கிழமைக்குக் கிழமை கொண்டுவந்து தாறாய்."

கதவில் சாவி திரும்பியது. நெல்லா சுருட்டைப் பூச்சாடி மண்ணுக்குள் குத்தினார். தூபக்காலுக்குப் பக்கத்திலிருந்த பித்தளைத் தட்டில் சுருட்டின் சாம்பல் மிஞ்சிக் கிடந்தது.

வித்தோரியோ இருமிக்கொண்டு வந்தான். "கமெராவிலை ஒண்டும் தெரியேல்லை. வீடு எரியுதாக்கும் எண்டு ஓடிவந்தனான். இதென்ன சாம்பல்?"

நெல்லா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணைக்குப் பழகிய முகம்.

ரதி தட்டில் மூன்று விரல்களை வைத்தாள். நெற்றியில் குறுக்கே இழுத்தாள்.

"திருநீறு. எங்கடை வெள்ளிக்கிழமைப் பூசை."

"எனக்கும்," என்று நெல்லா உடனே தலையை நீட்டினார்.

வித்தோரியோ திகைத்து நின்றான். அவனுடைய திருமணத்துக்குக்கூட மாதாகோயிலுக்குள் வராமல் வாசலில் நின்ற தாய்! கண் கலங்க அவனும் குனிந்தான். ரதி மனதுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டபடி சுருட்டுச் சாம்பலை அவன் நெற்றியிலும் பூசினாள். அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

"கிழமைக்கு ஒருக்கால் ஏன்? ஒவ்வொரு நாளும் செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ரதி கதவைப் பூட்டிவிட்டுக் கதிரையில் விழுந்தாள்.

"ஒவ்வொரு நாளும் எண்டால் சாம்பிராணி காணாது, சின்யோரா."

நெல்லா பூச்சாடியைக் கிளறிக்கொண்டிருந்தார். "சுருட்டும் காணாது."