ஏழு புது நோட்டு

இறுதிச் சடங்கு மண்டபத்தின் வரவேற்பு மேசையிலிருந்து அத்தை கையைக் காட்டிக் கூப்பிட்டபோது, சயா அம்மாவின் சவப்பெட்டிக்குள் வைக்க வேண்டிய பூக்களின் காம்புகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தரியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தொஷியே அத்தை அப்பாவின் அக்கா. துக்கத்துக்கு வருகிறவர்கள் கொடுக்கும் பண உறைகளை வாங்கிப் பதிவேட்டில் எழுதும் வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டவள். அவள் கையில் கறுப்பு வெள்ளைக் கயிறு கட்டிய மலிவான உறை ஒன்று இருந்தது. மேலே பென்சிலால், தங்கை ரிகோவின் கோணல் கையெழுத்து.

"பெத்த தாயோட சாவுக்குப் பிள்ளை உறை வைக்குமா? சரி, ஒம்போது வயசு, தெரியாம வச்சிருச்சுன்னு பாத்தா, உள்ள என்ன இருக்கு பாரு."

ஆயிரம் யென் நோட்டுகள் ஏழு. ஒன்றில்கூட ஒரு சுருக்கம் இல்லை. எல்லாவற்றிலும் அச்சிட்ட முகம் ஒரே பக்கம் பார்த்திருந்தது.

"சாவுக்கு யாராவது புது நோட்டு வைப்பாங்களா? எப்ப போவாங்கன்னு காத்திருந்து பாங்க்ல மாத்தி வச்ச மாதிரில்ல ஆகும்? உங்கம்மா அவ்வளவு சொல்லிக் கொடுத்தாளே! ரிகோகிட்ட சொல்லி நடுவுல ஒரு மடிப்பாவது போடச் சொல்லு."

அம்மா சொல்லிக் கொடுத்ததில் குறை வைத்ததே இல்லை. அந்த வீட்டில் அப்பாவின் சம்பளம் வந்த அன்றே அம்மா கைக்குப் போய்விடும். அப்பாவே மாதாமாதம் கைச்செலவுக்கு அம்மாவிடம்தான் வாங்கிக்கொள்வார். பத்தவில்லை என்று முனகினால், போன மாதம் எதில் போயிற்று என்று பிள்ளைகள் முன்னாலேயே கணக்குக் கேட்பாள். சமையலறை மேசை இழுப்பறையில் வலப்பக்க உறையில் புது நோட்டு, கல்யாணத்துக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும். இடப்பக்க உறையில் கசங்கிய நோட்டு, துக்கத்துக்கு. நல்ல காரியத்துக்கு முன்கூட்டியே தயாராக இருக்கலாம், சாவுக்கு மட்டும் தயாராக இருந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பாள். ஒன்றுக்கென்று எடுத்து வைத்த பணத்தை வேறொன்றில் போடாதே என்பது அவளுடைய இன்னொரு சட்டம். ரிகோ இதையெல்லாம் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தாள்.

குடும்பத்தாருக்கான அறையில் ரிகோ பள்ளிச் சீருடையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா வெளியே மயான வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ரிகோ, இத ஒரு தடவ மடிச்சுடலாமா? அத்தை சொல்றாங்க."

"மாட்டேன்."

"புது நோட்டு வைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா இது சாவுக்கு வாங்கினது இல்ல. அம்மா வீட்டுக்கு வர்ற அன்னிக்கு விலாங்கு மீன் சாதம் வாங்கித் தரத்தான் வாங்கினேன். நீயும் வந்தியே."

சயா தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஏன் இந்த உறையில போட்ட?"

"அம்மாவுக்குன்னு எடுத்து வச்சத திரும்ப உண்டியல்ல போடலாமா? அம்மாவுக்குக் கொடுக்க இன்னிக்கு இந்த ஒரு வழிதானே இருக்கு?" ரிகோ உறையின் கயிற்றைச் சரிசெய்தாள். "இத மடிச்சா, நான் பழைய நோட்டு தேடி வச்ச மாதிரி ஆயிடும். நான் தேடல. அம்மா சாவாங்கன்னு நான் நெனக்கவே இல்ல."

நினைக்காதவள் அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான்.

புத்தாண்டு முடிந்த வாரம் அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் பாங்குக்குப் போனார்கள். பெரியவர்கள் கொடுத்த புத்தாண்டுப் பணத்தை ரிகோ கவுண்டரில் நீட்டி, புது நோட்டாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல விஷயமா பாப்பா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். அந்த நேரத்தில் சயா நாலடி தள்ளி, ஏ.டி.எம். முன்னால், ஒரு நாளைக்கு எடுக்க முடிந்த அளவு முழுவதையும் அம்மாவின் கார்டில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சேர்ந்த தகவல் தெரிந்ததும் பாங்கில் கணக்கை முடக்கிவிடுவார்கள், அப்புறம் அப்பா மண்டபத்துக்குப் பணம் தேடி அலைவார், இப்போதே எடுத்து வை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அம்மாதான் சொல்லியிருந்தாள். ரிகோவிடம் இதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருந்தாள். அந்த ஒன்றை மட்டும் அவள் செய்து முடிக்கவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று சயாவுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. ஆனால் அந்த ஏழு நோட்டையும் பார்த்துக்கொண்டு அப்படி இருக்க முடியவில்லை.

"ரிகோ, அன்னிக்கு மெஷின்ல நான் எடுத்த பணம்..."

"ஆஸ்பத்திரிக்கு."

"இல்ல. அதுக்கு இல்ல."

ரிகோ சுவரோரம் வரிசையாக நின்ற வெள்ளை மலர்களைப் பார்த்தாள். "இந்தப் பூவுக்கா?"

"பூவுக்கும். மண்டபத்துக்கும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க."

"அப்பாவுக்கு?"

"தெரியும்."

பக்கத்து அறையில் யாரோ தேநீர்க் கோப்பைகளை அடுக்கினார்கள். ரிகோ அழுவாள் என்று சயா காத்திருந்தாள். அவள் அழவில்லை.

"நான் புது நோட்ட வாங்கிட்டு வந்து உங்கிட்ட காட்டினேன்ல," என்றாள் ரிகோ. "நீ சிரிச்ச."

சயா மன்னிப்புக் கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். தங்கை எழுந்து அப்பாவிடம் போய்விட்டாள்.

சயா உறையை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். "மடிக்க வேண்டாம் அத்தை. புதுசாவே இருக்கட்டும்."

"நாலு பேர் பாத்தா என்ன சொல்வாங்க?"

"அவ காத்திருந்தது வேற, அத்தை. நாமதான் இதுக்குக் காத்திருந்தோம்."

அத்தை உறையை வாங்கிக்கொண்டாள். பதிவேட்டை இழுத்து, மற்றவர்களுக்கு எழுதியதைவிட நிதானமாக ரிகோவின் பெயரை எழுதினாள். பக்கத்தில் ஏழாயிரம் என்று போட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எழுத்தப் பாரு, கோழி கிளறின மாதிரி," என்றாள்.

மயானத்துக்குப் போகும் வண்டியிலும் ரிகோ அக்காவின் பக்கத்தில் உட்காரவில்லை. அம்மாவை எரியுலைக்குள் அனுப்பிவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். ரிகோ அப்பாவின் கோட்டுக் கையைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தாள். சயாவுக்கு அம்மாமேல் கோபம் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவள் இதை மட்டும் ஏன் தன் தலையில் கட்டினாள் என்று வந்தது. கோபம் வந்த பிறகுதான் அழுகையும் வந்தது.

கூப்பிட்டார்கள். தட்டில் அம்மா வெள்ளையாக, கொஞ்சமாக இருந்தாள். கையுறை போட்ட ஊழியர் ஆளுக்கு ஒரு ஜோடி நீளக் குச்சிகள் கொடுத்தார். பாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரு எலும்பை இரண்டு பேர் சேர்ந்து பிடித்துத்தான் தூக்கிக் கலசத்தில் வைக்க வேண்டும் என்றார். அப்பாவும் அத்தையும் முதலில் எடுத்தார்கள். அப்பாவின் குச்சிகளிலிருந்து அது இரண்டு தடவை நழுவியது.

"ரிகோ, நீ என்கூட வாம்மா," என்றாள் அத்தை.

ரிகோ தலையாட்டி மறுத்தாள். தட்டைச் சுற்றி நடந்து வந்து சயாவுக்கு எதிரே நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து, ஒரு சின்ன எலும்பின் முனையைத் தன் குச்சிகளால் பிடித்தாள். தூக்காமல், பிடித்தபடியே நின்றாள்.

சயா மறுமுனைக்குத் தன் குச்சிகளை நீட்டினாள்.