லோர்னாவின் தோள்வலி

1

இந்தக் கதை ஒரு பதிலாகத்தான் தொடங்கியது. அதுவும் என் பதில் அல்ல. எங்கள் சபையில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காரும் லோர்னா டாட்லக், ஆராதனை முடிந்த ஒரு மதியம் வண்டிகள் நிற்கும் இடத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நீ எழுதுறவன்தானே, எனக்கு ஒரு பதில் எழுதிக் குடு."

யாருக்கு என்றேன். நம்ம சபை டெஸ்ஸாவுக்கு என்றாள். எதைப் பற்றி என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொளதொளத்த கம்பளிச் சட்டையின் வலப்பக்க ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். இடுப்பில் சிறிய கைத்துப்பாக்கி இருந்தது.

பதிலை எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால் கதையாக எழுதிப் பார்க்கிறேன். இது எங்கே போய் முடியும் என்று இந்த வரி வரைக்கும் எனக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: ‘இடுப்பில் ஆயுதம் வைத்திருப்பவள் இன்னொருத்தியின் குழந்தையைத் தூக்கலாமா என்ற கேள்வி—’

வேண்டாம். பிரசங்கத் தலைப்பு மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: ‘அமெரிக்காவில், மிசௌரியின் தெற்கு மலைப்பக்கத்தில், கூப்பிட்ட போலீஸ் வந்து சேர்வதற்குள்—’

இதில் லோர்னாவின் வக்கீல் பேசுகிறார். நான் அவளுக்கு வக்கீல் இல்லை. என்னவாக இருக்கிறேன் என்பதும் தெரியவில்லை.

மூன்றாவது: லோர்னா, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ். சரளைக்கல் பாதையின் கடைசியில், தபால் பெட்டி சாய்ந்து கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் அவள் தனியாகத்தான் போவாள். ஒரு வீட்டில் கிழவருக்கு வலி மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, அவருடைய மகன் வாசலை மறித்து நின்றான். மருந்துப் பையை வைத்துவிட்டுப் போ என்றான்.

(முதல் பிரதியில் அவன் கையில் ஒரு கத்தியைக் கொடுத்திருந்தேன். பிறகு பிடுங்கிக்கொண்டேன். லோர்னா சொன்னதில் கத்தி இல்லை.)

அவன் சும்மா நின்றான். அவளும் நின்றாள். உள்ளிருந்து கிழவர் தண்ணீர் கேட்டார். மகன் திரும்பி உள்ளே போனான். அவள் வெளியே வந்து வண்டியை எடுத்தாள். நடந்தது அவ்வளவுதான்.

கத்தி இருந்திருந்தால் லோர்னாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். காட்டச் சொன்னால் காட்ட ஒரு காயமாவது மிஞ்சியிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்பதை யாரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும் அவள் வண்டிச் சாவியை விரல்களுக்கிடையில் பிடித்தபடியே நின்றாள். அவள் போய்ச் சுடக் கற்றாள், அனுமதி வாங்கினாள், துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெல்ட்டைப் போல அதுவும் காலையில் ஏறி இரவில் இறங்கும் பொருளாகிவிட்டது.

3

எங்கள் சபையில் இரண்டாம் பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து ஒருவரை ஒருவர் விசாரிப்போம். பெண்கள் கட்டிக்கொள்வார்கள். எங்களூரில் அரைகுறையாக யாரும் கட்டிக்கொள்வதில்லை. இழுத்து அணைத்து, முதுகில் நாலு தட்டுத் தட்டி, இடுப்பைப் பிடித்தபடியே உன் கோழிகள் எப்படி என்று கேட்பார்கள்.*

லோர்னா பக்கவாட்டில் அணைக்கப் பழகினாள். இடது தோளை முன்னே நீட்டி, வலது பக்கத்தைப் பின்னே வளைத்து, வழியில் போகிறவள் மாதிரி ஒரு தொடல். ஏன் என்று யாரோ கேட்டார்கள். தோள்வலி என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது அவ்வளவுதான். ஆனால் எங்கள் சபையை அவள் மறந்துவிட்டாள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எங்கள் போதகர் பிரதர் ஹார்லன் அவள் தோளுக்காக ஜெபித்தார். அடுத்த புதனும் ஜெபித்தார். மாடு வளர்க்கும் வெர்ஜில் ஒரு தைலப் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"குதிரைக்குத் தடவுறது. என் குதிரைக்குக் கேட்டுச்சு. நீ அதைவிடப் பிடிவாதக்காரின்னா சொல்லு, வேற பாக்கலாம்."

லோர்னா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். வாராவாரம் அவளுடைய நல்ல தோளுக்காக ஒரு சபையே கண்ணை மூடி மன்றாடியது. அவளும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

* ஆண்கள் கைதான் குலுக்குவோம். எங்களில் பாதிப் பேர் இடுப்பில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் கேட்டதுமில்லை. பெண்கள் கட்டிக்கொள்வதால் மட்டுமே இந்தக் கதை நடந்தது. இதை நினைக்க நினைக்க எனக்கு இன்னும் குழம்புகிறது.

4

டெஸ்ஸா முப்பதுகளின் கடைசியில் இருப்பவள். இரண்டு கரு கலைந்த பிறகு பிறந்தவள் அவள் மகள் வில்லா. அந்தக் கெட்ட மாதங்களில் டெஸ்ஸாவின் சமையலறையில் நின்று சமைத்துப் போட்டவள் லோர்னாதான். வில்லா பிறந்த பிறகு, பிரசங்க நேரத்தில் குழந்தைகள் அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள லோர்னாவின் முறை வரும் வாரங்களில் மட்டும் டெஸ்ஸா நிம்மதியாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்பாள்.

ஒரு ஞாயிறு அவள் சந்தோஷமாகப் பின்னாலிருந்து வந்து, இரண்டு கையாலும் லோர்னாவைச் சேர்த்துக் கட்டினாள். வலது கை போய் அதன்மேல் விழுந்தது.

சாப்பாடு முடிந்து, சபைச் சமையலறையில் லோர்னா பாத்திரம் கழுவும்போது டெஸ்ஸா வந்து பக்கத்தில் நின்றாள்.

"குழந்தைங்க ரூம்ல வில்லாவைத் தூக்குறப்பவும் அது இருக்கா, மிஸ் லோர்னா?"

"இல்ல கண்ணு. என் முறை வர்ற வாரம் வண்டியில பூட்டிட்டுத்தான் வருவேன். ஒருநாளும் தவறினதில்ல."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன்ல."

"தோள்வலின்னும் நீங்கதான் சொன்னீங்க. வில்லாவை வயித்துல வச்சுக்கிட்டு, முட்டி போட முடியாம நாற்காலியில உக்காந்து, உங்க தோளுக்காக ஜெபம் பண்ணினேன்."

லோர்னா குழாயை மூடவில்லை. டெஸ்ஸா எட்டி மூடினாள். இனிமேல் வில்லா என்கூடவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

(டெஸ்ஸாவின் கேள்விக்குப் பலம் சேர்க்க, சின்ன வயதில் துப்பாக்கியால் செத்துப்போன ஒரு தம்பியை அவளுக்கு எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். என் பிள்ளைக்குப் பக்கத்தில் அது வேண்டாம் என்று சொல்ல, ஒரு தாய் தன் வீட்டில் சாவைக் காட்ட வேண்டியதில்லை.)

5

இப்போது பதில். இந்த வேலைக்குத்தான் லோர்னா என்னைக் கூப்பிட்டாள்.

முதல் பதிலில் தூரங்களை எழுதினேன். எந்த வீடு எவ்வளவு உள்ளே, கைப்பேசி எங்கே எடுக்காது. லோர்னா படித்துவிட்டு, டெஸ்ஸா அதே பாதையில்தான் பிறந்து வளர்ந்தாள் என்றாள்.

இரண்டாவதில் சூடாக எழுதினேன்: உன் புருஷன் மான் வேட்டைக்கு வைத்திருக்கும் துப்பாக்கி உன் வீட்டு அலமாரியில் வில்லாவோடுதானே தூங்குகிறது? லோர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் குத்துற. ஆனா குத்துன கையில அவ பிள்ளையக் குடுப்பாளா?"

மூன்றாவதில் மன்னிப்புக் கேட்டு, இனிமேல் அதை எடுக்கவே மாட்டேன் என்று எழுதினேன். எனக்குப் பிடித்தது இதுதான். அவள் இதை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

"சரி. இதைக் குடுத்துடுறேன். வியாழக்கிழமை அந்தக் கிழவர் வீட்டுக் கதவத் தட்டுறப்ப நீ என்கூட வந்து நிப்பியா?"

கர்த்தர் காக்கிறார் என்று நம்புகிறவன் நான். அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து அப்படி நம்புகிறேன். இந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் புரிந்தது. துப்பாக்கிக்கு எத்தனை பதில் வேண்டுமானாலும் எழுதலாம். தோளுக்கு ஒரு பதில்கூட வரவில்லை.

6

அந்தப் புதன்கிழமை பிரதர் ஹார்லன் வழக்கம்போல, யாருக்காவது ஜெப விண்ணப்பம் உண்டா என்று கேட்டார். டெஸ்ஸா கையைத் தூக்கினாள். எல்லாம் இப்போது வெளியே வரப்போகிறது என்று லோர்னா முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"லோர்னாவோட தோளுக்காக," என்றாள் டெஸ்ஸா. "இன்னும் சரியாகல."

வெர்ஜில் திரும்பிப் பார்த்து, தைலத்தைத் தடவினாளா இல்லையா என்று சைகையில் கேட்டார்.

இது இரக்கமா, ஊசிக்குத்தா? லோர்னாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வர முடியும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் லோர்னாவின் நல்ல தோள் அந்த ஜெபம் முடியும்வரை நிஜமாகவே வலித்தது என்று அவள் பிறகு சொன்னாள். நான் இதை இட்டுக்கட்டவில்லை. கதையே இட்டுக்கட்டியதுதான் என்றாலும்.

7

முடிவுகள்.

அ) லோர்னா எழுந்து சபைக்கு முன்னால் உண்மையைச் சொல்கிறாள். எல்லோரும் அழுகிறோம். (எங்கள் சபை அழும். அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

ஆ) சரளைப் பாதை வீட்டில் அந்த மகன் மறுபடி மறிக்கிறான், அப்போது— இல்லை. அங்கே என்ன நடந்தாலும் ஒருத்தி ஜெயித்துவிடுவாள், இன்னொருத்தி தோற்றுவிடுவாள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

இ) வியாழக்கிழமை காலையில் டெஸ்ஸா வில்லாவைக் கணவனிடம் விட்டுவிட்டு, லோர்னாவின் வண்டியில் முன் சீட்டில் ஏறி உட்கார்கிறாள். ‘நான் வாசல்ல நிக்கிறேன், நீங்க உள்ள போங்க.’ இது நான் ஜெபத்தில் கேட்கும் முடிவு. ஆகவே எழுதக் கை வரவில்லை.

8

எழுத முடிந்தது இதுதான்.

அடுத்த ஞாயிறு. குழந்தைகள் அறையில் லோர்னாவின் முறை இல்லாத வாரம். இரண்டாம் பாட்டு முடிந்தது. எல்லோரும் எழுந்தோம். நடைபாதையின் அந்தக் கோடியில் டெஸ்ஸா, தோளில் வில்லா. இந்தக் கோடியில் லோர்னா, அதே தொளதொளத்த கம்பளிச் சட்டை.

லோர்னா பக்கவாட்டில் திரும்பவில்லை. நேராக நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். வலது கையும் இடது கை அளவுக்கு உயர்ந்தது. வெர்ஜில் அதைப் பார்த்துவிட்டு, தைலம் கேட்டுச்சு பாத்தியா என்று என் விலாவில் இடித்தார்.

துப்பாக்கி வண்டியில் பூட்டிக் கிடக்கிறதா, அவள் இடுப்பிலேயே இருந்து, இனி மறைக்க மாட்டேன் என்று அவள் நிற்கிறாளா? சட்டை தொளதொளப்பானது. இரண்டு பெஞ்சு பின்னாலிருந்து தெரியவில்லை. நான் கை குலுக்குகிறவன். என்னால் தெரிந்துகொள்ள முடியாது.

கட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியும். டெஸ்ஸா பாதி தூரம் வந்து நின்றிருக்கிறாள். வில்லா கையை நீட்டுகிறாள். இதற்கு மேல் நீங்கள் நடந்து பாருங்கள்.