சாட்சி சொல்ல வந்த மேசை

கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குள் தையல்காரர் தன் துணி வெட்டும் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுமுனையைப் பிடித்திருந்த மைத்துனனுக்கு மூச்சு வாங்கியது.

"மச்சான், பேசறதுக்கு நீங்க பேர் கொடுத்தீங்க, சரி. மேசைக்கும் கொடுத்தீங்களா?"

"இன்னைக்கு அதுதான்டா பேசப்போகுது."

அவர் கடைக்கு எதிரே இருக்கும் பள்ள நிலத்தை ஐந்தடி மண் கொட்டி உயர்த்திக் கிடங்கு கட்டப்போகிறார்கள். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும். அது நிரம்பி வழிந்தால் நேரே அவர் கடைக்குள் வரும். பள்ளமே இல்லையென்றால் கடையும் இல்லை. ஆனால் நிறுவனம் கொடுத்த பாதிப்பு அறிக்கை, 'இந்நிலத்தில் நீர் தேங்குவதில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆய்வுக்கு வந்தவர்கள் நல்ல கோடையில் வந்திருந்தார்கள். பிடித்த குடைகூட வெயிலுக்குத்தான்.

தையல்காரர் மேசையின் ஒரு காலைக் காட்டினார். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் ஏறிய உயரத்தில் கத்தரி முனையால் ஒரு கீறல், பக்கத்தில் வருடம். துணி மூட்டைகளை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று தெரிவதற்காகப் போட்டது. மொத்தம் பதினோரு கீறல்கள்.

நிறுவனத்தின் ஆலோசகர் கூட்டத்தை நடத்தும் பெண் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், இதை நேத்துகூட கீறியிருக்கலாமே?"

பின்வரிசையிலிருந்து தையல்காரரின் மனைவி எழுந்து வந்தாள்.

"அசிங்கமா இருக்குன்னு மூணு வருஷத்துக்கு முன்னாடி நான்தாங்க இதுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சேன். எல்லாத்தையும் மறைச்சிட்டேன்னு இந்த மனுஷன் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு..."

"அம்மா, விஷயத்துக்கு வாங்க" என்றார் அதிகாரி.

"விஷயமே அதுதாங்க. குனிஞ்சு பாருங்க."

அதிகாரி மண்டியிட்டுப் பார்த்தார். எட்டுக் கீறல்களுக்குள் பெயின்ட் இறங்கி வெளுத்துப்போயிருந்தது. கடைசி மூன்று மட்டும் பெயின்ட்டைப் பிளந்து மரத்தைக் காட்டின.

"பெயின்ட்டும் நேத்து..." என்று ஆலோசகர் ஆரம்பித்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். தன் கோப்பிலிருந்து மழை அளவுத் தாளை எடுத்து விரித்தார்.

"எந்த வருஷம் அதிகம்?"

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை இறக்கி வைத்து அளந்தார். "ஏழாவது கீறல். பதினாலு இஞ்ச்." வருடத்தையும் சொன்னார்.

"அதுக்கு அடுத்தது?"

சொன்னார். அதிகாரியின் விரல் தாளில் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் தலை அசைந்தது.

"அந்தப் பள்ளம் தண்ணி இறங்கற இடம்னு பதிவு பண்றேன். அங்க ஒரு கூடை மண்கூட விழக்கூடாது. அனுமதி கிடையாது."

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. மேசையைத் தூக்கத் தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் முண்டியடித்தார்கள். வரும்போது கனத்தில் நொந்த தன் தோளுக்கு இப்போது மேசையைத் தொடக்கூட இடமில்லையே என்று மைத்துனன் குறைபட்டுக்கொண்டான்.

"பெயின்ட் உரியாம பிடிங்கப்பா!" என்று மனைவி கத்தினாள். பிறகு மெதுவாக, "ஏங்க, கோவம் போச்சா?" என்றாள்.

கையை வீசிக்கொண்டு நடந்த தையல்காரர் எல்லார் தோள்மேலும் போகும் மேசையை அண்ணாந்து பார்த்தார்.

"கடைக் கதவுக்கும் அடிச்சிடு. அதே பச்சை."