சமையலறையில் பெர்லினின் குரல்

எப்சிக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யச் சொல்லிக்கொடுத்தவள் பெர்லின். இருவரும் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பெர்லின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சாரம்மாளோடு இருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக வேலை பார்த்தாள். எப்சிக்குத் திருநெல்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறினால் வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். கணவன் ஜாஸ்பருக்கு மில்லில் ஷிப்டு. மகள் ஜெசி சின்னப் பிள்ளை.

ஒருநாள் எப்சி தன் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அன்றைக்கே பெர்லினிடம் சொன்னாள்.

"நடக்கணும்ங்காங்க. எனக்கு எங்கட்டி நேரம்?"

"நீ ஏன் ரோட்டுல போயி நடக்க? குக்கர வச்சுட்டு விசில் வாரது வரைக்கும் சும்மாதான நிக்க? அந்த நேரம் போதும்."

மறுநாள் காலையில் பெர்லினிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. "ஏட்டி எப்சி, நாற்காலிய இழுத்துப் போடு. உக்காரு, எந்திரி. கைய ஊனாத. மூச்ச அடக்காத. இப்ப சுவத்தத் தள்ளு. சுவரு விழாது, நீ தள்ளு." தானும் செய்துகொண்டே பேசியிருந்தாள். அவள் மூச்சிரைப்பது கேட்டது. பாதியில், தூரத்திலிருந்து சாரம்மாளின் குரல்: "ஏ பெர்லினு, காப்பி ஆறுது." உடனே பெர்லின், "இந்தா வாரேம்மா" என்றாள். பிறகு ஒரு சிரிப்பு. பிறகு மறுபடியும், "விடாத, விடாத."

எப்சி தினமும் அதைப் போட்டுவிட்டு, அடுப்பு முன்னால் உட்கார்ந்து எழுந்தாள், சுவரைத் தள்ளினாள், குதிகாலைத் தூக்கி நின்றாள். கொஞ்ச நாளில் ரவிக்கை தளர்ந்தது. பஸ் படியில் ஏறும்போது முழங்கால் முனகவில்லை.

அந்த ஐப்பசி மழையில், அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த பெர்லின்மேல் லாரி மோதியது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

எப்சி உடற்பயிற்சியை விட்டாள். அந்தப் பதிவைத் தொடவே இல்லை. பல மாதம் கழித்து, பஸ்ஸுக்கு ஓடியவள் கம்பியைப் பிடித்தபடி கண் இருட்டிச் சரிந்தாள். கண்டக்டர்தான் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார். சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. ஜெசியின் முகம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் பதிவைப் போட்டாள். "ஏட்டி எப்சி" என்றதுமே இழுத்த நாற்காலியை விட்டுவிட்டாள். தரையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். குக்கர் தன்பாட்டுக்கு விசிலடித்தது. அதற்கு அடுத்த நாள் எழுந்து நின்று செய்தாள்.

அதன்பின் ஒருநாளும் விடவில்லை. ஆனால் ஒன்று அவளை வருத்தியது. போன் இருப்பது எதிரே அலமாரித் தட்டில். பெர்லினின் மூச்சு மட்டும் பிடரிக்குப் பின்னால் கேட்பதுபோல் இருந்தது. சுவரைத் தள்ளும்போது அது இன்னும் நெருங்கும். எப்சி திரும்பிப் பார்க்க மாட்டாள். இரவு ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்த ஜாஸ்பர் ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில், "யாரு வந்திருக்கா?" என்று கேட்டான்.

"ஒருத்தரும் இல்ல. நீங்க தூங்குங்க."

ஒரு காலையில் பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் சாரம்மாள். பால் வாங்கிக்கொண்டு போகிற வழி. கையில் தூக்குவாளி ஆடிக்கொண்டிருந்தது.

"எப்சி, எம்மவ உள்ள இருக்காளா?"

உள்ளே, "விடாத, விடாத" என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தது. எப்சி போனை எடுத்துவந்து சாரம்மாளின் கையில் கொடுத்தாள். சாரம்மாள் அதைக் காதில் வைக்கவில்லை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பதிவு முடிந்த பிறகும் கொடுக்கவில்லை.

"இத உங்களுக்கு அனுப்பித் தாரேன் பெரியம்மா. ஜாஸ்பர்ட்ட சொல்லி நல்ல போன் ஒண்ணு..."

"வேண்டாம். அங்கன ஒத்தையில வச்சுக் கேட்டேன்னா பெறவு நான் வெளியவே வரமாட்டேன். நாளைக்கும் போடுவல்லா? நான் வாரேன்."

தினமும் வந்தாள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். அவள் அப்படி அசையாமல் இருப்பது எப்சிக்குத் தாங்கவில்லை.

"சும்மா கேக்காதிய பெரியம்மா. அவ சொல்லுதத நீங்களும் செய்யுங்க."

"எனக்கு முட்டு வலிக்குல்லா?"

"பையச் செய்யுங்க. முடிஞ்ச மட்டும்."

சாரம்மாள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள், உட்கார்ந்தாள். போகப்போகப் பிடிக்காமலே எழுந்தாள். இருவரும் சேர்ந்து செய்தார்கள். அந்தக் காப்பி இடம் வரும்போது மட்டும் சாரம்மாள் நின்றுவிடுவாள். தன் குரல் கூப்பிடுவதையும், மகள் வாரேன் என்பதையும் கேட்டுவிட்டுப் பின்கதவைப் பார்ப்பாள். எப்சி தரையைப் பார்ப்பாள். சில வாரங்களில், பதிவு ஓடும்போது சாரம்மாளின் உதடுகள் கூடவே அசையத் தொடங்கின.

மறுபடியும் மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் ஊரெல்லாம் கரண்டு இல்லை. அடுப்பின் நீலச் சுடர் மட்டும்தான் வெளிச்சம். எப்சி அந்த இருட்டில் ஜெசிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். பின்கதவு வழியாகச் சாரம்மாள் வந்து நின்றது தெரிந்தது. "ஏட்டி எப்சி, நாற்காலிய இழுத்துப் போடு" என்று குரல் தொடங்கியது. பெரியம்மாவே போனை அழுத்திவிட்டாள் போலும் என்று நினைத்து எப்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். மூச்சு, இரைப்பு, எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. சுவரில் கையை ஊன்றித் தள்ளினாள்.

கண்ணெதிரே தட்டில் போன் இருந்தது. திரை கருப்பாக இருந்தது. ராத்திரி முழுக்கக் கரண்டு இல்லாமல் சார்ஜ் தீர்ந்துபோனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விரலால் தொட்டாள். போன் குளிர்ந்திருந்தது.

"சுவரு விழாது, நீ தள்ளு" என்றது குரல், முதுகுக்குப் பின்னால்.

எப்சியின் கையெல்லாம் மயிர் கூச்செறிந்தது. ஓட நினைத்தாள். கடைசியில் திரும்பினாள்.

சாரம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். அவள் உதடுகள்தான் அசைந்தன. ஆனால் அந்தக் குரலில் முதுமை இல்லை, நடுக்கம் இல்லை. அது பெர்லின். சட்டென்று குரல் நின்றது. பிறகு சாரம்மாள் தன் சொந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"ஏ பெர்லினு, காப்பி ஆறுது."

மழைச் சத்தம் கேட்டது. சாரம்மாள் காத்திருந்தாள். கண்ணைத் திறந்து எப்சியைப் பார்த்தாள்.

'இந்தா வாரேம்மா' என்ற அந்தப் பதில் எப்சியின் நாக்குவரை வந்துவிட்டது. சொல்வது எளிது. சொன்னால் இந்த முகம் மலரும். ஆனால் இன்று சொன்னால் நாளையும் சொல்லவேண்டும், அதற்கு மறுநாளும். பிறகு இந்த வீட்டில் எப்சி எங்கே இருப்பாள்?

"பெரியம்மா, நான் எப்சி" என்றாள்.

சாரம்மாள் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

"வரமாட்டா, என்ன?"

"வரமாட்டா பெரியம்மா."

அடக்கத்தன்று கூட வாய்விட்டு அழாத சாரம்மாள் நாற்காலியில் சாய்ந்து கதறினாள். ஜாஸ்பர் எழுந்து ஓடிவந்தான். ஜெசி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்சி அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு அவள் பஸ் ஏறவில்லை. சாரம்மாளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்தபடி நின்றாள்.

அழுது ஓய்ந்து கடுங்காப்பி குடிக்கும்போது சாரம்மாள் மெதுவாகச் சொன்னாள்:

"இன்னைக்கு அவ ரொம்பக் கிட்டத்துல பேசுனா, என்ன எப்சி?"

போன் அணைந்திருந்ததை எப்சி சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பின் பதிவைப் போடுவதில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. எத்தனை தடவை என்று எப்சியே எண்ணுகிறாள், சாரம்மாள் அவளுக்கு எதிரே நின்று செய்கிறாள். எப்சியின் சர்க்கரை இறங்கிவிட்டது. சாரம்மாள் இப்போது சர்ச் படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறாள். பயிற்சி முடிந்ததும் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு எப்சியோடு பஸ் நிறுத்தம்வரை வேகமாக நடந்து வருகிறாள். அவளுக்கு அது ஒரு பயிற்சி.

பஸ் கிளம்பும்போது சாரம்மாள் கையை ஆட்டுவாள். அவள் பார்வை எப்சி உட்கார்ந்திருக்கும் சன்னலில் இருக்காது. அதற்கு அடுத்த, பின்னாலுள்ள சன்னலில் இருக்கும். அந்த இருக்கையை எப்சி திரும்பிப் பார்த்ததே இல்லை.