முட்டுக்கல் எடுத்த வண்டி

இடது தோள் கழன்று தனியாகத் தொங்குவதுபோல் வலித்தது. இரண்டு ஆள் வேலையை மூன்று நாளாக ஒருத்தியே செய்துகொண்டிருந்தேன்.

அன்னூர்ப் பாதையில் இருந்த அந்தப் பருத்தி அரவை மில்லில் எனக்கும் உம்மல் குல்சுமுக்கும் ஒரே வேலை. தண்டவாளத்தில் நிற்கும் தள்ளுவண்டியின் மேல் ஏறி நின்று, பருத்திக்கொட்டைச் சிப்பங்களைத் தூக்கிக் கிடங்குக்குள் எறிய வேண்டும். எறியுமுன் சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கல் வைத்தாக வேண்டும். மறந்தால் சிப்பம் முன்னால் போகும், வண்டி நம்மோடு பின்னால் போகும். வண்டி காலியாக ஆக இன்னும் மோசம். சேர்ந்த முதல் நாள் கல் வைக்க மறந்து விழுந்ததில் எனக்கு முன்பல் ஒன்று போயிற்று.

அந்த மூன்று நாளும் குல்சும் வேலையில்லாமல் கேட்டுக்கு வெளியே நின்றதற்குக் காரணம் ஒரு சொல். நீலகிரிப் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்து மில்லில் மோட்டார் வைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பங்குனி மாத வறண்ட வெயிலில் மோட்டாரின் தோல் பெல்ட் ஓடினால் பக்கத்தில் போகிறவளின் முடி எழுந்து நிற்கும், தொட்டால் சுள்ளென்று அடிக்கும். அன்றைக்குக் குல்சும் பெல்ட்டோரம் குனிந்தபோது, அங்கே நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனியிலிருந்து முகத்தில் சில்லென்று ஊதியது. "காத்து! காத்து!" என்று கத்திவிட்டாள். எங்கள் பக்கம் வீசுகிறதும் காத்துதான், ஆளைப் பிடிக்கிற பேயும் காத்துதான். மேஸ்திரி வெள்ளியங்கிரி காதில் விழுந்தது இரண்டாவது. பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"காத்துப் பிடிச்சவள உள்ள உட்டா மில்லு உருப்படாதுங்க" என்று முதலாளியிடம் சொல்லி அவளை வெளியே நிறுத்தினான். மூன்று பிள்ளைகளுக்கு அவள் கைதான் சோறு.

முதலாளியின் மச்சினன் சுந்தரராஜுலு கோயமுத்தூர்க் காலேஜில் சயன்ஸ் வாத்தியார். விஷயத்தைப் பார்த்துச் சீட்டு எழுதித் தரச்சொல்லி அவரை அனுப்பினார்கள். அவர் பெல்ட்டையும் கம்பியையும் பார்த்துச் சிரித்தார். ஒரு சோடா பாட்டில் வாங்கி, தக்கையில் ஊசி குத்தி, அதன் தலையில் இரண்டு முனையும் எதிரெதிரே வளைத்த கம்பியை நிறுத்தினார். பெல்ட்டோரக் கம்பியின் அடியை ஊசியோடு சேர்த்துக் கட்டினார். யாரும் தொடாமலே வளைத்த கம்பி கிறுகிறுவென்று சுற்றியது.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. பெல்ட்டு ஓடறதுல பொறந்த கரண்டு நுனியிலிருந்து செதறுது. அது காத்தத் தள்ளுது, காத்து கம்பியத் தள்ளுது. அவ்வளவுதான்" என்றார்.

குல்சுமை உள்ளே விடச்சொல்லி எழுதினார். கையெழுத்துத்தான் பாக்கி. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் பேசினார்.

"சீமையில சில பேரு இந்தக் கரண்டுச் செதறலயே வெச்சு நெலாவுக்கு வண்டி உடலாம்ங்கறாங்க. பைத்தியக்காரனுக. அங்க காத்தே இல்ல. எதத் தள்ளி நகரும்?"

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க, அதுக்குக் காத்து எதுக்குங்க? எறியறதுக்குக் கையில எதாச்சும் இருந்தாப் பத்தாதுங்களா? கல்லு வெக்காட்டி எங்க வண்டி பின்னால போகுதுங்களே."

"நீ எறியற சிப்பம் காத்துல முட்டுது அம்மணி. காத்து திருப்பித் தள்ளுது."

"தப்புங்க."

வாத்தியார் பேனாவை மூடினார்.

"தெரியாமப் பேசிப்போட்டேன்னு சொல்லு. கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா அவ வெளியவே நிக்கட்டும்."

சொல்லியிருப்பேன். குல்சும் வீட்டு அடுப்பை நினைத்து நாக்கு வளைந்துவிட்டது. அதற்குள் கேட்டுப் பக்கமிருந்து குல்சும் சத்தம் போட்டாள்.

"ஏ பழனியாத்தா! அந்தச் சொல்லச் சொல்லிப்போட்டு எனக்கு வேல வாங்கித் தந்தீன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

வாட்ச்மேனை ஒதுக்கிக்கொண்டு வந்தாள். நேரே வண்டிக்குப் போய் முட்டுக்கல்லைக் காலால் எத்தினாள்.

"சாட்சி நீங்கதானுங்க" என்று காலி வண்டியில் ஏறினாள்.

நான் இரண்டு சிப்பம் எடுத்து வைத்தேன். இரண்டும் ஒரே அளவுச் சாக்கு. ஒன்றில் பஞ்சு, ஒன்றில் கொட்டை. சக்கரத்துக்கு நேரே தண்டவாளத்தில் சுண்ணாம்பு தடவினேன். குல்சும் முதலில் பஞ்சை எறிந்தாள். வண்டி விரற்கடை அசைந்து நின்றது. வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தோம். அடுத்துக் கொட்டையை எறிந்தாள். வண்டி அவளைச் சுமந்துகொண்டு ஒரு முழம் பின்னால் உருண்டது.

"ரெண்டும் ஒரே பருமன். முட்டுன காத்தும் ஒரே அளவுதானுங்க. அப்புறம் எதுக்கு ஒண்ணுக்கு மட்டும் ஓடுச்சு?" என்றேன்.

"இவ காலால தள்றாளுங்க" என்று மேஸ்திரி தானே ஏறி ஒரு கொட்டைச் சிப்பத்தை வீசினான். வண்டி நழுவியது. பலகையில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"ஐயையோ, மேஸ்திரிக்குக் காத்துப் பிடிச்சிருச்சு!" என்றாள் குல்சும். அரவைக்கூடமே சிரித்தது.

வாத்தியார் சிரிக்கவில்லை. "கொட்டைக்குக் கனம் இருக்குது. கரண்டுல செதறற பொடி கண்ணுக்கே தெரியாது. அதுல என்ன பெரிய தள்ளு கெடைக்கும்?"

"கொஞ்சந்தானுங்க கெடைக்கும். ஆனா மறிக்கறதுக்கும் அங்க காத்து இல்லீன்னு நீங்களே சொன்னீங்க. நிறுத்தாம எறிஞ்சுட்டே இருந்தா? எங்க ஒவ்வொரு சிப்பமும் அற்பந்தான். பொழுது சாயறப்பக் கெடங்கப் பாருங்க."

இன்னும் சுற்றிக்கொண்டிருந்த கம்பியை அவர் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு, சீட்டை மேஸ்திரி கையில் திணித்துவிட்டுக் காருக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"நாஞ் சொன்னது சரிங்களா தப்புங்களான்னு சொல்லிப்போட்டுப் போங்க."

"நேரமாச்சு" என்றார். கார் புழுதியைப் பின்னால் எறிந்துவிட்டு முன்னால் போயிற்று.

குல்சும் முட்டுக்கல்லை எடுத்துவந்து சக்கரத்துக்கு வைத்தாள். "வா, ஏறு. உன் தோளுக்கு இன்னிக்கு நான் ரெண்டு எறியறேன், நீ ஒண்ணு எறி" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் எத்தனையோ தடவை மில்லுக்கு வந்தார். கிடங்குப் பக்கம் மட்டும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு மாறாது. "நீ சொன்னது சரி." மரியாதைக்கு ஒரு 'ங்க' கூட வேண்டாம், அதை விட்டுக்கொடுத்துவிட்டேன். அந்த மூன்று சொல்லை மட்டும் சுந்தரராஜுலு எனக்கு இன்னும் தர வேண்டும்.