குளிப்பாட்டிய கை

வெந்நீர் வாளியை வாங்கிக்கொண்ட அஸ்மா, “காக்கா, நீங்க வெளியிலேயே நில்லுங்க,” என்று அண்ணனிடம் சொல்வதுபோலச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பீர் முகைதீன் தம் வெறுங்கைகளோடு நின்றார். கதவுக்கு அப்பால், குளியலறைப் பலகையின்மேல், அவருடைய மனைவி ஃபக்ருன்னிசாவின் உடல் கழுவப்படுவதற்காகக் கிடத்தப்பட்டிருந்தது.

யாங்கோன்வாசிகள் தம் நினைவில் அறிந்திராத குளிர் அந்த ஜனவரியில் வந்திறங்கியிருந்தது. போட்டாதாங் படித்துறையில் மூட்டை சுமப்போர் கைலியும் கம்பளித் தொப்பியுமாகக் குந்தி, அட்டைப்பெட்டிகளை எரித்துக் குளிர்காய்ந்தனர். முந்தைய ஆண்டுப் புயலில் தெருமரங்கள் சாய்ந்துவிட்டமையால், ஆற்றுக்காற்று தடையேதுமின்றி நான்காம் மாடிவரை ஏறி வந்தது. சென்னைப் பருப்பு வணிகர் ஒருவரின் முகவராக இந்நகருக்கு வந்த பீர் முகைதீன் வெயிலுக்கு ஏற்ற துணி வாங்கத் தெரிந்தவர். குளிருக்கு வாங்கத் தெரியாதவர். இரவுகளில் தம் கோட்டையே மனைவிக்குப் போர்த்திவந்தார். அன்று விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்து, அவளை எழுப்ப அந்தக் கோட்டின்மேல் கைவைத்தபோது செய்தி தெரிந்துவிட்டது.

சென்ற மழைக்காலத்தில் வாதம் அவளது இடப்பக்கத்தைச் சாய்த்திருந்தது. அன்றுமுதல் அவளைக் குளிப்பாட்டியவர் அவரே. மருத்துவமனைத் தாதியிடமும் வேலைக்கு வந்த பெண்ணிடமும் தன் உடம்பைக் காட்ட மறுத்தவள், கணவரிடம் மட்டும், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இணங்கினாள். தண்ணீர் எடுத்துக்கொடுக்க வந்த அஸ்மாவாவது அடுத்த வீட்டுக்காரி. கழுவப்போகும் பல்கீஸையோ ஃபக்ருன்னிசா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பள்ளிவாசலிலிருந்து அனுப்பப்பட்ட மூதாட்டி அவர்; பர்மிய வழக்கப்படி எல்லாரும் மரியாதைக்கு ‘டோ’ சேர்த்து அழைத்தனர்.

பீர் முகைதீன் கதவைத் தட்டினார்.

“டோ பல்கீஸ், இன்னும் தண்ணி ஊத்தாதீங்க. நானே குளிப்பாட்டுறேன்.”

“அமலே! இது என்ன புதுசா?” பர்மியரைப்போல வியந்த பல்கீஸின் குரல் கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது. “உசுரு போனதும் நிக்காஹ் போச்சு. நீங்க இப்ப அந்நிய ஆம்பள. மொகத்தப் பாருங்க, வேணாங்கல. தொடக்கூடாது.”

“அது உங்க ஹனஃபி வழக்கம். நாங்க ஷாஃபி. எங்களுக்குக் கூடும்.”

“கூடுமாம்! நான் கழுவுன மய்யித்துல உங்க ஷாஃபி பொம்பளைங்களும் உண்டு. எந்தப் புருஷனும் இப்படி வந்து கதவத் தட்டல.”

அம்மூதாட்டி சொன்னது உண்மை. காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வாழ்வார். அங்கே இது நேர்ந்திருந்தால், ஃபக்ருன்னிசாவை அவளுடைய அக்காள் தங்கையரும் பெரியம்மா மக்களும் சூழ்ந்திருப்பர். அவர் ஆண்களோடு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். ஷாஃபி பிரிவின் சட்டம் அனுமதிக்கிறது என்பது தெரிந்திருந்தும், அந்த அனுமதியைக் கேட்க நினைத்திருக்க மாட்டார். இந்த நான்காம் மாடியில்தான் முதன்முறையாக அவள் அவருடைய வீட்டுக்கு வந்தாள்.

கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த அப்துல் அஜீஸ் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“சாயந்தரம் அஸர் தொழுகையோட ஜனாஸான்னு பள்ளியில சொல்லியாச்சு பாய். இன்னும் தண்ணியே ஊத்தலியா?”

பீர் முகைதீன் விவரத்தைச் சொன்னார். அப்துல் அஜீஸ் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“சரி, உங்க ஷாஃபி பள்ளி இமாம் ஹஸ்ரத்துக்கே போன் போட்டுக் கேக்குறேன். போனு கடையிலதான் இருக்கு. இன்னொரு வாட்டி இந்தப் படி ஏறுனா என்னையும் சேத்துக் கழுவ வேண்டியதுதான்.”

“ஆம்பளயக் கழுவ நான் வரமாட்டேன்!” என்றார் பல்கீஸ் உள்ளிருந்து.

அஸ்மா சிரிப்பை அடக்கிய ஓசை கேட்டது. பீர் முகைதீனின் உதடும் ஒரு கணம் அசைந்து, பின்னர் நிலைத்தது.

அப்துல் அஜீஸ் இறங்கிப் போனபின், பீர் முகைதீன் கதவருகிலேயே நின்றார். ஹஸ்ரத் வேண்டாமென்று சொல்லிவிட்டால் கீழே இறங்கிப்போய் மற்ற ஆண்களோடு உட்காரவேண்டும் என்பதை மனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சொல்ல முடிந்தது; கால்கள் மட்டும் நகரவில்லை.

கீழிருந்து அழைப்பதற்காகப் பால்கனியிலிருந்து தெருவரை தொங்கவிட்டிருந்த கயிறு ஆடி, அதன் மேல்நுனியில் கட்டியிருந்த மணி ஒலித்தது. அப்துல் அஜீஸ் சொன்னபடியே படியேறி வரவில்லை. பீர் முகைதீன் விரைந்து சென்று கீழே எட்டிப் பார்த்தார்.

“யாதே! கூடுமாம் பாய்!” அப்துல் அஜீஸ் வாயருகே கைகளைக் குவித்து, பர்மியத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையுமாகச் சம்மதத்தைக் கத்தினார். “பொஞ்சாதியப் புருஷன் குளிப்பாட்டலாமாம்! கையில துணி சுத்திக்கச் சொன்னாரு!”

தெருவில் குளிர்காய்ந்துகொண்டிருந்தவர்கள் அனைவரும் நிமிர்ந்து பார்த்தனர். எதிர்வீட்டு ஜன்னலொன்று திறந்தது. தாதியின் கண்ணுக்கும் கூசியவளுடைய கடைசிக் குளியல் தெரு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டாயிற்று. பீர் முகைதீன் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே திரும்பினார்.

கதவு திறந்திருந்தது.

“ஊருக்கே சொல்லியாச்சு. இனி நான் எதுக்குத் தடுக்க? வாங்க,” என்றார் பல்கீஸ். வெள்ளைத் துணியொன்றைக் கிழித்து அவருடைய வலக்கையில் சுற்றி, மணிக்கட்டில் முடிச்சிட்டார். “இறுக்குதா?”

“இல்ல.”

“துணிக்கு மேலேயே ஊத்துங்க. போர்வைய வெலக்கக்கூடாது. வலப்பக்கம் மொதல்ல.”

ஃபக்ருன்னிசா கழுத்திலிருந்து பாதம்வரை மூடப்பட்டிருந்தாள். முகம் சுவர்ப்பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. பீர் முகைதீன் பலகையருகே மண்டியிட்டு, சட்டையின் இடக்கையைச் சுருட்டி, அவளைக் குளிப்பாட்டும் நாள்களில் சூடு பார்ப்பதைப்போலவே முழங்கையை வாளிக்குள் இறக்கினார்.

“ஆறிப்போச்சு,” என்றார்.

“மய்யித்துக்கு வெதுவெதுன்னு இருந்தாப் போதும். இதுக்கு மேல சூடு கூடாது.”

அவர் முழங்கையை எடுக்கவில்லை. காலையிலிருந்தே மின்சாரம் இல்லாததால் கரியடுப்பில் வைத்திருந்த கெட்டிலை அஸ்மா கையில் எடுத்துக்கொண்டு, அவரையும் பல்கீஸையும் மாறிமாறிப் பார்த்தாள். பல்கீஸ் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஜன்னல் இடுக்கு வழியே காற்று சீழ்க்கையடித்தது.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றார் பல்கீஸ். “ஊத்து.”

அஸ்மா கெட்டிலைச் சாய்த்தாள். பீர் முகைதீன் முழங்கையை நீரிலேயே வைத்துக்கொண்டு, சூடு ஏறுவதற்காகக் காத்திருந்தார்.