நான்காம் மண்டபத்தின் மைக்

நான்காம் விரிவுரை மண்டபத்தைப் பற்றி மூன்றாவது முறைப்பாடு வந்தபோது பிரபாலினிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. செவிப்புலன் குறைந்த மாணவர்களுக்காகப் பூட்டிய ஒலிக்கருவி வேலை செய்யவில்லை என்று ஒரு மாணவி மறுபடியும் எழுதியிருந்தாள். முந்தைய இரண்டு தடவையும் பிரபாலினி ஏணியும் கையுமாகப் போய், கூரையில் இருந்த அலைபரப்பியிலிருந்து கழுத்தில் மாட்டும் ரிசீவர் வரை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தவள். எல்லாம் மணி மணியாக வேலை செய்தது. "பழுது இல்லை" என்று பதிந்துவிட்டு வந்திருந்தாள்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனிலிருந்து ஒவ்வொரு காலையும் ரயிலேறி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வருகிறாள். புரொஜெக்டர், கமரா, மைக் என்று வகுப்பறைக் கருவிகளைப் பராமரிப்பது அவளுடைய வேலை. ஒன்பது வருட அனுபவம். இந்தமுறை ஏணியை எடுக்காமல் முறைப்பாட்டை எழுதியவளைத் தேடிப் போனாள். சுபானி மகேந்திரராஜா, இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு. இரண்டு காதிலும் கருவி போட்டிருந்தாள்.

"அக்கா, நீங்கள் வந்து பாக்கேக்க வேலை செய்யுதுதான். பேராசிரியர் படிப்பிக்கேக்கதான் ஒண்டும் கேக்காது."

"ஒண்டும் எண்டால்? இரைச்சல் ஏதும்?"

"இரைச்சல்கூட இல்லை. சொண்டு அசையிறதைப் பாத்துப் பிடிக்கலாமெண்டால் அவர் பலகையைப் பாத்துக்கொண்டெல்லோ கதைக்கிறார்."

நடுச் செமஸ்டர்ப் பரீட்சையில் அவள் தவறிவிட்டாள். வாயால் மட்டும் சொன்ன விஷயத்திலிருந்து இரண்டு கேள்விகள் வந்திருந்தன. "திரும்பச் சோதினை எழுத விடச்சொல்லி அன்ட்ராக் எழுதிக் குடுத்தனான். மண்டபத்தின்ர கருவிதான் பிழை, தன்னில பிழையில்லை எண்டு அவர் சோதினைக் குழுவுக்குக் கடிதம் குடுத்திட்டார்."

பிரபாலினிக்கு முகம் சூடேறியது. அவள் இரண்டு தடவை சோதித்துக் கையெழுத்திட்ட கருவி அது.

செவ்வாய்க்கிழமை ரிசீவரைக் கழுத்தில் மாட்டி, அதில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு கடைசி வரிசையில் போய் இருந்தாள். பேராசிரியர் க்ரோல் வந்தார். மேசையில் சார்ஜ் பெட்டிக்குள் இருந்த, ரிசீவருக்குக் குரலை அனுப்பும் சட்டை மைக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பின்னால் கேட்கிறதா?" என்று உரத்துக் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த சுபானி குனிந்து பக்கத்துப் பெண்ணின் கொப்பியைப் பார்த்தாள். பிரபாலினியின் ஹெட்போனில் தொண்ணூறு நிமிடமும் ஒரு சத்தம் இல்லை.

வகுப்பு முடிந்ததும் இறங்கிப் போய்க் கேட்டாள். "ஐயா, ஏன் மைக் போடவில்லை?"

"இருபத்தாறு வருடமாக என் தொண்டையால் படிப்பிக்கிறேன். இந்தப் பொருட்கள் எப்போதும் பழுதாகத்தான் இருக்கும்."

"பெட்டியிலிருந்து எடுக்காத பொருள் பழுதா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பையின் சிப்பை இழுத்து மூடினார். "நீங்கள் தொழில்நுட்பப் பிரிவுதானே? கருவிகளைக் கவனியுங்கள். படிப்பிப்பதை நான் கவனிக்கிறேன்."

மைக் எந்த நேரம் பெட்டியை விட்டு எடுக்கப்பட்டது என்பதை மண்டபத்தின் கணினி தானாகவே பதிந்து வைக்கும். பிரபாலினி அதைத் திறந்து பார்த்தாள். பதினொரு வாரம், பதினொரு வகுப்பு. க்ரோலின் வகுப்பில் ஒருதடவைகூட எடுக்கப்படவில்லை. "கருவியில் பழுது இல்லை. அது பாவிக்கப்படவில்லை" என்று அறிக்கை எழுதிப் பிரிவுத் தலைவரிடம் கொடுத்தாள்.

பிரிவுத் தலைவர் ஸ்ரனிஸ்லாஸ். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்திறங்கி, கேபிள் இழுக்கும் வேலையில் தொடங்கி அந்தக் கதிரைக்கு வந்தவர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, 'பாவனையில் சிக்கல், சரிசெய்யப்பட்டது' எண்டு எழுதுங்கோவன். ஒருத்தருக்கும் நோகாது."

"அந்தப் பிள்ளைக்கு நோகுதே அண்ணை. பாவிச்சால்தானே சிக்கல் வரும்? என்னால பொய் எழுத ஏலாது."

"பேராசிரியரோட கொழுவி நாங்கள் வெல்லேலாது."

"நான் கொழுவேல்லை. கணினியில இருக்கிறதை எழுதினனான்."

அவர் அறிக்கையை அனுப்பவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்த பிரபாலினி, அறிக்கையின் பிரதியைச் சுபானியிடமே கொடுத்து, அன்ட்ராக்கோடு சேர்க்கச் சொன்னாள்.

அதன் பிறகுதான் பரீட்சைக் குழுவின் தலைவி பேராசிரியர் லோரன்ஸ் நான்காம் மண்டபத்துக்கே நேரில் வந்தார். க்ரோலும் ஸ்ரனிஸ்லாஸும் சுபானியும் இருந்தார்கள். பதிவைப் பற்றித் தலைவி கேட்டபோது ஸ்ரனிஸ்லாஸ் நிலத்தைப் பார்த்தபடி, "கணினிப் பதிவிலும் சில வேளை பிழை வரலாம்" என்றார். பிரபாலினி, வெளிச்சத்தம் புகாத பெரிய ஹெட்போனை ரிசீவரில் செருகித் தலைவியிடம் நீட்டினாள்.

"இதை மாட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருங்கள். பேராசிரியர் வழக்கம்போல் ஐந்து நிமிடம் படிப்பிக்கட்டும்."

க்ரோல் பலகையைப் பார்த்து உற்சாகமாகவே பேசினார். இரண்டாவது நிமிடத்திலேயே லோரன்ஸ் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை."

"அவளுக்குப் பதினொரு வாரம் இப்படித்தான்," என்றாள் பிரபாலினி.

பிறகு மைக்கை எடுத்து க்ரோலின் கையில் கொடுத்தாள். அவர் வேண்டாவெறுப்பாகச் சட்டையில் குத்திக்கொண்டு வாயைத் திறந்ததும், ஹெட்போனை மறுபடி மாட்டியிருந்த லோரன்ஸ் திடுக்கிட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

சுபானிக்கு மறுபரீட்சை கிடைத்தது. ஆனால் அடுத்த கிழமை வந்த குழுவின் கூட்டக் குறிப்பில் ஒரு வரி: "நான்காம் மண்டபத்தின் தொழில்நுட்பக் கோளாறு நீக்கப்பட்டது." கீழே பிரபாலினி கையெழுத்திட ஓர் இடம்.

"வைச்சுவிடுங்கோ பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத்தானே வேண்டியது கிடைச்சிட்டுது," என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"அப்ப பிழை ஆரின்ர அண்ணை? மைக்கின்ரையோ? நீங்களும் நானும் இவ்வளவு காலம் பழுதான சாமானையோ வைச்சிருந்தனாங்கள்?"

பிரபாலினி கையெழுத்து வைக்கவில்லை. அந்த வரியின் மேல் கோடிழுத்து, "இங்கே கோளாறு எதுவும் இருக்கவில்லை. நான் எதையும் திருத்தவுமில்லை. இருந்த கருவியைப் பாவிக்க மறுத்தார்கள்" என்று எழுதித் தலைவிக்கே திருப்பி அனுப்பினாள். பத்து நாள் கழித்துத் திருத்திய குறிப்பு வந்தது. "பாவிக்கப்படவில்லை" என்று மட்டும் இருந்தது. யார் பாவிக்கவில்லை என்று அதிலும் இல்லை.

க்ரோல் இப்போது மைக் போடுகிறார். வழியில் பிரபாலினியைக் கண்டால் சுவரைப் பார்க்கிறார். சுபானியிடம் அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பதினொரு வகுப்பையும் அவள் மற்றவர்களின் கொப்பிகளைக் கடன் வாங்கித்தான் படித்தாள்.

பிரபாலினியின் கோபம் ஆறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, அதே கருவி பூட்டிய மற்ற ஏழு மண்டபங்களின் பதிவுகளையும் திறந்தாள். நான்கில் மைக் செமஸ்டர் முழுக்கப் பெட்டியிலேயே கிடந்தது. வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு, புதிய அறிக்கைக்கு முதல் வரியைத் தட்டத் தொடங்கினாள்.